30 ஆசனம் இருந்தால் எல்லாம் கையில் என்று அர்த்தமில்லை

“38 ஆசனத்தில் 30 கையில் இருந்தது, அதிகாரம் முழுவதும் முதலமைச்சரிடம்தான் இருந்தது, வேண்டுமென்றே ஒன்றும் செய்யவில்லை” என்று விக்னேஸ்வரன் முதலமைச்சராக இருந்த இலங்கையின் வட மாகாண சபையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2013 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்த ஆசனக் கணக்கு சரி. அதிகாரக் கணக்கு பிழை.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சர் வாரியம் ஆளுநருக்கு ஆலோசனை சொல்கிறது. சபை ஒரு நியதிச் சட்டத்தை (மாகாண சபை இயற்றும் சட்டம்) நிறைவேற்றினாலும் அவர் அனுமதி கொடுக்கவேண்டும். திருப்பி அனுப்பலாம்; சபை மறுபடியும் நிறைவேற்றினால் ஜனாதிபதிக்கு அனுப்பி, அங்கிருந்து அது உச்ச நீதிமன்றம் வரை போகலாம்.

அப்புறம் ஆளணி. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தைப் பாருங்கள்: மாகாண உத்தியோகத்தர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரிடம். மாகாண நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான பிரதம செயலாளரை நியமிப்பதும் ஜனாதிபதிதான், முதலமைச்சரின் இணக்கத்தோடு. 2014இல் பிரதம செயலாளருக்கும் முதலமைச்சருக்கும் இடையிலான இழுபறி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கோப்பு மேசை மாறுவதற்கே இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

இதனால் விக்னேஸ்வரன் மீது விமர்சனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017இல் அமைச்சர்களோடு வந்த பிணக்கில் சபை மாதக்கணக்காக இழுபட்டது. அது அவர்களே தேடிக்கொண்டது, எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தபின் ஆளுநர் தனியாகவே மாகாணத்தை நடத்த முடிந்ததே, அது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.