டாப்பை அறுத்துட்டா ஓப்பன் காரா?

ஜானவாசத்துக்கு, அதான் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு, ஓப்பன் கார் ஏற்பாடு பெண் வீட்டார் தலையிலதான்னு எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணினாரோ, அவரைக் கூப்பிட்டு இன்னிக்கு ஒரு வண்டி புக் பண்ணச் சொல்லணும்.

தங்கை கல்யாணம், கும்பகோணத்துல. வாடகைக்கு விடறவர் வாட்ஸ்அப்புல ஒரு படம் அனுப்பினார். செவர்லே இம்பாலா, செக்கச்செவேல்னு, குரோமியம் பளபளன்னு. "இதே வண்டிதானே?" "இதேதான் சார், கம்பெனி ஓப்பன்." அட்வான்ஸ் போயாச்சு. பூ அலங்காரம் தனி, சீரியல் லைட் தனி, டிரைவர் பேட்டா தனி. சரி, கல்யாணம்னா அப்படித்தான்.

சாயங்காலம் மண்டப வாசல்ல வந்து நின்னது ஒரு அம்பாசடர். டாப்பை அறுத்து எடுத்து, வெட்டின விளிம்புல தகரத்தை மடிச்சு, பட்டி பார்த்து, சிவப்புப் பெயிண்ட். "இம்பாலா வேற முகூர்த்தத்துக்குப் போயிடுச்சு சார். இதுவும் ஓப்பன்தானே?" யோவ், குளிர்சாதன மண்டபம்னு சொல்லிட்டுப் பந்தல் போட்டுட்டு, இதுலயும் காத்து வருதேன்னா விடுவியா?

அழகுக்காக மட்டும் கத்தலை. அம்பாசடருக்குத் தனியா சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரை, தூண், டாப் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. கம்பெனியிலேயே ஓப்பனாச் செய்யற வண்டிக்கு அடியில கூடுதல் பலம் வச்சிருப்பாங்க. இங்க பட்டறையில ரம்பத்தைப் போட்டு இழுத்தா நடுவுல தொய்யாம என்ன பண்ணும்? பின்கதவு பொருந்தவே இல்ல. மல்லிச் சரத்துக்கு அடியில நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தான் மனுஷன்! அந்தக் கதவுல சாஞ்சுக்கிட்டுத்தான் மாப்பிள்ளையைச் சுத்தி அத்தனை வாண்டுகளும் நிக்குதுங்க. பெல்ட்டா? அதைக் கேட்டா சிரிப்பாங்க.

நாதஸ்வரத்துக்குப் பின்னால நடை வேகத்துல போகணும். இது பழைய வண்டி, ஃபேன் இன்ஜினோட சேர்ந்து சுத்தறது. இன்ஜின் மெதுவா ஓடினா அதுவும் மெதுவாத்தான் சுத்தும். எதிர்க்காத்தும் இல்ல. டிரைவர் அரைக் கிளட்சுலயே வேற ஓட்டினான். மகாமகக் குளத்து மேல்கரைக்கு வரும்போது பானெட்லேர்ந்து குபுகுபுன்னு புகை. சம்பந்தி வீட்டு மாமா ஒருத்தர், "மாப்பிள்ளைக்கு ஆவி பிடிக்கற ஏற்பாடெல்லாம் பண்ணியிருக்கேளே, பேஷ்!"ன்னார். பட்டு வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு என் சித்தப்பா பசங்க தள்ளினாங்க. மாப்பிள்ளை பாவம், கோட்டு சூட்டுல வேர்த்து வழிய, சிரிச்ச முகமாவே உக்காந்திருந்தார். தங்கமான மனுஷர்.

இதுல என் ரத்தம் நிஜமா கொதிச்சது ஒரு வார்த்தைக்குத்தான். கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியை வாடகைக்கு விட்டவர் போன்ல சொல்றார்: "வழியில போலீஸ் கேஸ் போட்டா பார்ட்டிதான் பாத்துக்கணும் சார்." எதுக்குய்யா? அறுத்தது யார், நானா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி செஞ்ச அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதுவும் வண்டி ஓனருக்கு! வாடகைக்கு விடற வண்டிக்கு, சொந்த உபயோக வண்டிக்கான வெள்ளை போர்டு வேற. காசு அவருக்கு, கேஸ் எனக்காம்.

பழைய அமெரிக்க வண்டிகளுக்கு உதிரி பாகம் கிடைக்கறதில்ல, அம்பாசடர் உற்பத்தியே 2014-ல நின்னு போச்சு, எல்லாம் தெரியும். அப்ப "அம்பாசடர்தான் சார் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயேன். டாப் இருக்கற வண்டிக்கு நாலு முழம் பூவைச் சுத்தி மாப்பிள்ளையை அழைச்சிண்டு வந்திருப்போமே.

இப்ப பாக்கிப் பணத்துக்குத் தினம் போன். "பெட்ரோல் போட்டிருக்கேன் சார், பூ வாங்கியிருக்கேன் சார்." தரேன், யார் மாட்டேன்னா? அந்த வண்டியோட ஆர்.சி. புக்கை எடுத்துண்டு வரட்டும். அதுல பாடி டைப் என்னன்னு சத்தமா ஒரு தடவை படிச்சுக் காட்டிட்டு வாங்கிண்டு போகட்டும்.