நட்டத்துக்கு விற்கிறவன் மடையன்

காங்கேயம், தாராபுரம் ரோட்டில் ஒரு பேக்கரி. சாயங்காலம் ஐந்து மணி. தீவனக் கடை சென்னியப்பனுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. எதிரே அக்கா மகன் கார்த்தி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். சம்பளத்தில் பாதியை வீடியோ கேமில் விட்டவன் என்று சொந்தத்துக்குள் பேர். மாமாவின் பேரன் பிறந்தநாளுக்கு, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி கேட்டிருக்கிறான். அதனால் அந்தக் கெட்ட பேருக்கு இன்றைக்குத்தான் மரியாதை கிடைத்திருக்கிறது.

சென்னியப்பன்: சுத்தி வளைக்காதே மாப்பிள்ளை. எது விலை கம்மி?

கார்த்தி: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸுங்க மாமா. 2020 நவம்பரில் வரும்போது 34,990. சோனிக்காரனின் பிளேஸ்டேஷன் ஐந்து 2021 பிப்ரவரியில்தான் இங்கே வந்தது. கேம் தட்டு, அதாவது டிஸ்க், போடுகிறது 49,990, தட்டுப் போட முடியாதது 39,990.

சென்னியப்பன்: வந்து இத்தனை வருசம் ஆச்சே. பாதி விலைக்கு இறங்கியிருக்குமே?

கார்த்தி: ஏறியிருக்குதுங்க.

சென்னியப்பன்: பழசாக ஆக விலை ஏறுதா? அது என்ன பெட்டியா, கொப்பரையா?

கார்த்தி: முன்னெல்லாம் வருசம் போகப் போக இறங்குமுங்க. இந்தத் தலைமுறைதான் இப்படி.

சென்னியப்பன்: சரி, ஒரு பெட்டிக்குக் கம்பெனிக்காரனுக்கு எவ்வளவு நிற்கும்? பத்தாயிரம்?

கார்த்தி: புதுசாக இறக்கும்போது பல பெட்டியில் ஒன்றுமே நிற்காதுங்க. கைக்காசு போட்டுத்தான் விற்பான்.

(மாமா டீ கிளாசைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் பருப்பு விலை பேசிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் ‘நட்டம்’ என்பது காதில் விழுந்தால் யாருக்கென்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது.)

சென்னியப்பன்: நட்டத்துக்கு விற்கிறவன் மடையன். ஒன்று அவன் மடையன், இல்லாவிட்டால் நீ பொய் சொல்கிறாய்.

கார்த்தி: கோர்ட்டிலேயே சொன்னதுங்க. 2021-ல் அமெரிக்காவில் வேறு இரண்டு கம்பெனிக்குள் ஒரு வழக்கு. அதில் சாட்சிக்கு வந்த மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டியை நாங்கள் ஒருநாளும் லாபத்துக்கு விற்றதில்லை என்று சொன்னாருங்க.

சென்னியப்பன்: அப்புறம் எதுக்குக் கடை? கோயிலுக்கு நேர்ந்துவிட்டதா?

கார்த்தி: பெட்டிக்குள் ஓடுகிற கேம் இருக்குதல்லங்க? யார் செய்த கேமாக இருந்தாலும், பெட்டிக்காரன் கடை வழியாக விற்றால் நூற்றுக்கு முப்பது ரூபாய் அவனுக்கு. சொந்தக் கேம் என்றால் முழுசும் அவனுக்கே. பிளேஸ்டேஷன் ஐந்துக்குப் பெரிய கேம் ஒன்று 4,999 ரூபாய் என்று வந்தது. பத்துக் கேம் வாங்கினால் இன்னொரு பெட்டி விலை போயிருச்சு.

சென்னியப்பன்: நூற்றுக்கு முப்பதா? கொள்ளைக்காரப் பசங்க.

கார்த்தி: மாமா, நீங்க ஆறுமுகத்துக்கு ஜெர்சி மாடு விட்டீங்களே, எவ்வளவு லாபம் வைத்தீங்க?

சென்னியப்பன்: சத்தியமாக ஒரு பைசா வைக்கவில்லை. சந்தையில் வந்த விலைக்கே பிடித்துக் கொடுத்தேன். வட்டியும் இல்லை. வாரா வாரம் பால் பணத்தில் கழித்துக்கொள்கிறேன்.

கார்த்தி: தீவனம்?

சென்னியப்பன்: அது நம்ம கடையில்தான் எடுக்கணும். பேச்சே அதுதான்.

கார்த்தி: மூட்டை விலை?

சென்னியப்பன்: கொஞ்சம் கூட இருக்கும். வேன் வாடகை, ஆள் கூலி எல்லாம் இருக்குதல்ல?

(இந்த இடத்தில் கார்த்தி ஒன்றும் பேசவில்லை. பப்ஸைப் பிய்த்துத் தின்றான். மாமாவுக்கு உறைக்க அரை நிமிடம் பிடித்தது.)

சென்னியப்பன்: அட சாமி. அப்படியானால் நம்ம தொழில்தானா அவன் செய்வது!

கார்த்தி: முப்பது வருசமாக நீங்க செய்வதுதானுங்க.

சென்னியப்பன்: மூளைக்காரன்தான் மாப்பிள்ளை அவன். அப்ப ஒரே வழிதான். எவன் மாட்டை விலை குறைத்து விடுகிறானோ அவன் ஜெயிப்பான்.

கார்த்தி: சில தடவை அப்படியும் ஆகியிருக்குதுங்க. 1995 மே மாசம், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கண்காட்சி. சேகாக்காரன் சாட்டர்ன் என்று ஒரு பெட்டி, விலை 399 டாலர், இன்றைக்கே கடைக்கு வந்துவிட்டது என்று அறிவித்தான். செப்டம்பரில்தான் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்ததுங்க. அன்றைக்கே சோனிக்காரன் ஆள் ஒருவர் மேடை ஏறி, அவர்கள் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு ‘299’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சென்னியப்பன்: அவ்வளவுதான் பேச்சா? கல்யாண மண்டபத்தில் வாழ்த்த வருகிறவர்களை அவரிடம் பாடம் படிக்க அனுப்பணும்.

கார்த்தி: சேகாக்காரன் அவசரப்பட்டதில் எல்லாக் கடைக்கும் சரக்கும் போகவில்லைங்க. விட்டுப்போன பெரிய கடைக்காரர் ஒருத்தர், இனிமேல் உன் சரக்கே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

சென்னியப்பன்: நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். டீலரைப் பகைத்துக்கொண்டவன் உருப்பட மாட்டான். அதான் சொன்னேனே, விலைதான்.

கார்த்தி: விலை மட்டும் போதாதுங்க. அடுத்த வருசமே நிண்டெண்டோக்காரன் 199 டாலருக்கு ஒரு பெட்டி விட்டான், நிண்டெண்டோ 64. ஆனால் கேம் வருகிற கேசட்டைக் கைவிடவில்லை. கேசட் செய்ய செலவு அதிகம், எவ்வளவு பெரிசு செய்தாலும் 64 எம்பி. சோனியின் தட்டில் 650 பிடிக்கும், செய்வதும் சல்லிசு. அதுவரைக்கும் நிண்டெண்டோவுக்கே கேம் செய்துகொண்டிருந்த ஸ்கொயர் கம்பெனி, ஃபைனல் ஃபேன்டசி ஏழாவது கேமைச் சோனிக்குக் கொண்டுபோய்விட்டது. மூன்று தட்டுக் கேம் அது. கேசட்டுக்குள் எங்கே அடைப்பது? 1997-ல் வந்தது. அதற்காகவே பெட்டி வாங்கினவர்கள் உண்டுங்க.

சென்னியப்பன்: கேமுக்காகப் பெட்டியா? புண்ணாக்குக்காக மாடு வாங்கின கதையாக இருக்குதே.

கார்த்தி: கேம் பெட்டியில் அதுதானுங்க கதையே. இன்னொன்று பாருங்க. 2006-ல் நிண்டெண்டோ வீ என்று 249 டாலருக்கு வந்தது. கையில் பிடித்து ஆட்டினால் டிவியில் டென்னிஸ் ஆடலாம். அந்தக் கேமைப் பெரும்பாலான ஊரில் பெட்டியோடு சும்மாவே கொடுத்தான். முதியோர் இல்லத்தில்கூட ஆடினார்கள். பத்துக் கோடிக்கு மேலே விற்றது. அதே கம்பெனி 2012-ல் வீ யூ என்று விட்டான். ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை.

சென்னியப்பன்: விலையைத் தூக்கிவிட்டானா?

கார்த்தி: 300 டாலர்தானுங்க. வெளிக் கம்பெனிகள் கேம் செய்து தரவில்லை. பெட்டி விற்காததால் கேம் வரவில்லை, கேம் வராததால் பெட்டி விற்கவில்லை.

சென்னியப்பன்: பால் வண்டி வராத ஊரில் மாடு வளர்க்க மாட்டான். மாடு இல்லாத ஊருக்கு வண்டி வராது.

கார்த்தி: (எழுந்து கும்பிடு போட்டு) நான் பத்து நிமிடமாகச் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டீங்க.

சென்னியப்பன்: உட்கார். இன்னொரு டீ சொல். அந்த 299 சோனிக்காரன் அப்புறம் என்ன ஆனான்?

கார்த்தி: பிளேஸ்டேஷன் இரண்டு பதினைந்து கோடிக்கு மேலே ஓடியது. உலகத்தில் அதிகம் விற்ற பெட்டி அதுதானுங்க. டிவிடி படமும் பார்க்கலாம், கேமும் மலை மாதிரி. அந்தத் தைரியத்தில் 2006-ல் மூன்றாவது பெட்டிக்கு 599 டாலர் போட்டான். இருபது ஜிபி மட்டும் உள்ளது 499. எக்ஸ்பாக்ஸ் 360 அதற்கு ஒரு வருசம் முன்னாலேயே 299, 399 என்று கடையில் நிற்கிறது.

சென்னியப்பன்: தலைக்கனம்.

கார்த்தி: இறங்கி வர வருசக்கணக்கில் ஆச்சுங்க. 2013-ல் அதே தப்பை எக்ஸ்பாக்ஸ்காரன் செய்தான். கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்து 499. சோனி 399. அது போதாதென்று, தட்டை இரவல் கொடுக்க, பழசாக விற்க ஆயிரம் நிபந்தனை வேறு. சோனிக்காரன் கிண்டலாக ஒரு சின்ன வீடியோ போட்டான். எங்கள் கேமை இன்னொருத்தருக்குக் கொடுப்பது எப்படி என்று விளக்கம். ஒருத்தர் தட்டை நீட்டுகிறார், இன்னொருத்தர் வாங்கி ‘தேங்க்ஸ்’ என்கிறார். முடிந்தது. எக்ஸ்பாக்ஸ்காரன் அந்த மாசமே நிபந்தனையை வாபஸ் வாங்கினான்.

சென்னியப்பன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) தட்டை இரவல் வாங்கலாமா?

கார்த்தி: தட்டுப் போடுகிற பெட்டி என்றால் வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம், ஆடி முடித்துவிட்டுப் பாதி விலைக்கு விற்கலாம். தட்டில்லாத பெட்டியில் எல்லாம் கம்பெனிக் கடையில்தான்.

சென்னியப்பன்: அதுதான் பத்தாயிரம் கம்மியாகக் கொடுத்தானா! மாட்டு விலையைக் குறைத்து மூக்கணாங்கயிற்றை அவன் கையில் வைத்துக்கொண்டான். வேண்டாம். தட்டுப் பெட்டியே பார்.

கார்த்தி: எக்ஸ்பாக்ஸில் மாசச் சந்தாவும் இருக்குதுங்க, கேம் பாஸ் என்று. மாசாமாசம் கட்டினால் நூற்றுக்கணக்கான கேம். சந்தாவை நிறுத்தினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

சென்னியப்பன்: கொறங்காடு குத்தகைக்கு எடுத்து மேய்க்கிற மாதிரி. குத்தகை முடிந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடணும். புல்லு நமக்கில்லை.

கார்த்தி: அந்தக் காட்டில் புல்லு வேணுமென்றுதான் மைக்ரோசாஃப்ட் ஒரு கேம் கம்பெனியையே 6,870 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக்டிவிஷன் பிளிஸார்ட். 2023-ல் பேரம் முடிந்தது.

சென்னியப்பன்: ரூபாயா?

கார்த்தி: டாலருங்க.

(மாமா கணக்குப் போட முயன்று, விரல் போதாமல் விட்டுவிட்டார்.)

சென்னியப்பன்: அதை விடு. மாட்டை அவனிடம் வாங்கிவிட்டுத் தீவனத்தை வெளியே வாங்க வழியே இல்லையா?

கார்த்தி: பிளேஸ்டேஷன் இரண்டு காலத்தில் இருந்ததுங்க. பெட்டியைத் திறந்து உள்ளே சின்னதாக ஒரு சிப்பைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அப்புறம் திருட்டுத் தட்டெல்லாம் ஓடும். பெட்டி அவனுடையது, தீவனம் ஊர்த் தீவனம். அவனுக்கு மாட்டு நட்டம் மட்டும்தான் மிச்சம்.

சென்னியப்பன்: அது அநியாயம் மாப்பிள்ளை! ஒருத்தன் நம்பி நட்டத்துக்குக் கொடுத்தால் இப்படியா செய்வது? கை கூசாதா?

கார்த்தி: (ரோட்டைப் பார்த்து) மாமா, அது நம்ம ஆறுமுகம்தானுங்களே?

(டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று நிதானமாகப் போகிறது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை. மூன்றிலும் எதிர்க்கடைக்காரன் முத்திரை.)

சென்னியப்பன்: டேய் ஆறுமுகா! நில்லுடா!

கார்த்தி: நிற்க மாட்டாருங்க மாமா. உங்க மாட்டுக்கு யாரோ சிப்பு வைத்துவிட்டார்கள்.