லூவரின் கலைப்பொருட்கள் லியேவனில் இருப்பதே நல்லது

பாரிஸின் லூவர் அருங்காட்சியகம், காட்சிக்கு வைக்காமல் சேமித்துவைத்திருந்த கலைப்பொருட்களைச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, வடக்கு பிரான்ஸ் நகரமான லியேவனுக்குக் கொண்டுபோனதால் ஆய்வாளர்கள் அலைய வேண்டியிருக்கிறது என்று ஒரு கட்டுரையாளர் வருந்துகிறார். அந்தச் சிரமம் உண்மைதான். ஆனால் 2016 ஜூனை மறந்துவிட்டாரா? அருங்காட்சியகத்தை ஒட்டி ஓடும் சேன் நதி பெருகி 6 மீட்டரை நெருங்கியபோது அருங்காட்சியகத்தை மூடி, நிலத்தடி அறைகளிலிருந்த ஆயிரக்கணக்கான பொருட்களை அவசர அவசரமாக மேல்தளங்களுக்குச் சுமந்தார்கள். பழங்காலக் களிமண் பொருளையும் மரச்சிற்பத்தையும் அப்படித் தூக்கி ஓடுவதே ஆபத்து. 1910-இல் இதே நதி 8.62 மீட்டர் வரை உயர்ந்தது. அது திரும்பி வராது என்று யார் உறுதி சொல்வது?

1966 நவம்பரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் ஆர்னோ நதி ஊருக்குள் புகுந்தபோது, சாந்தா குரோச்சே தேவாலய வளாகத்திலிருந்த 13-ஆம் நூற்றாண்டு ஓவியர் சிமாபுவேயின் சிலுவை ஓவியம் வண்ணப்பூச்சில் பாதிக்கு மேல் இழந்தது. உதிர்ந்த துகள்களைச் சேற்றில் தேடி எடுத்தார்கள். எவ்வளவு மெனக்கெட்டும் பழைய ஓவியம் முழுதாகத் திரும்பவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

2019-இல் திறந்த லியேவன் மையம் சுமார் இரண்டரை லட்சம் பொருட்களுக்காகக் கட்டப்பட்டது. பழுதுபார்க்கும் கூடங்களும் அங்கேயே இருக்கின்றன. ஆய்வாளர்களுக்கு ரயில் கட்டணமும் தங்குமிடமும் தரச் சொல்லிக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பொருட்களை மட்டும் மறுபடி நதிக்கரைக்கு அழைக்காதீர்கள்.