எம்பிவி கூடினால் மாரடைப்பு வருமா?

மும்பையில் மழைக்காலம் வந்துவிட்டால் டெங்கு பயத்தில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றியே பேசுவோம். அண்மைக்காலமாகச் செம்பூர்த் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே சிபிசி (இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) அறிக்கையின் இன்னொரு வரி பீதியைக் கிளப்பி வருகிறது. எம்பிவி, அதாவது பிளேட்லெட்டுகளின் சராசரிப் பருமன், வரம்பைத் தாண்டித் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் மாரடைப்பு நெருங்கிவிட்டது என்கிறார்கள். அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு எவருடைய இதயத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இதயத் தமனியில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது அங்கே முதலில் வந்து ஒட்டி இரத்தக் கட்டியை உருவாக்குபவை பிளேட்லெட்டுகளே. பருத்தவை கூடுதல் வேகத்துடன் செயல்படுகின்றன. ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களில் எம்பிவி கூடியிருந்தவர்களுக்கு மறுபடியும் மாரடைப்போ மரணமோ நேரும் வாய்ப்பு அதிகம் என்று 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் பருத்த பிளேட்லெட்டுகள் மாரடைப்பை வரவழைத்தனவா, அல்லது கட்டியில் செலவானவற்றை ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை பருத்த புதியவற்றை அவசரமாக அனுப்பியதால் சராசரி கூடியதா என்பதை, மாரடைப்புக்குப் பின் எடுத்த இரத்தத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

அளவிடும் முறையிலோ இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. சிபிசி பரிசோதனைக்கான ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாதிருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். அதில் பிளேட்லெட்டுகள் தட்டை வடிவம் இழந்து உருண்டு, நேரம் செல்லச் செல்ல ஊதுகின்றன. மாரடைப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையே ஆய்வுகள் கண்ட சராசரி வேறுபாடு ஏறக்குறைய ஒரு ஃபெம்டோலிட்டர்தான் (எம்பிவியை அளக்கும் மிக நுண்ணிய அலகு). அந்த அளவு மாற்றம் குழாய்க்குள்ளேயே நேர்ந்துவிடக்கூடும். காலையில் நம் வீட்டில் எடுத்த இரத்தம் வாகன நெரிசலைக் கடந்து மத்திய ஆய்வகத்தை எப்போது அடைந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. கருவிக்குக் கருவி எண்ணும் மாறும். போதாக்குறைக்குச் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உடற்பருமன் ஆகியவையும் எம்பிவியை உயர்த்துகின்றன. டெங்குவிலிருந்து மீள்பவருக்கும் புதிய, பருத்த பிளேட்லெட்டுகள் வந்து சேரும்.

எனக்குக் கவலை தருவது பயம் அல்ல, பயந்தவர்கள் பிளேட்லெட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரினைத் தாமாகவே விழுங்கத் தொடங்குவதுதான். இதய நோய் இல்லாதவர்களுக்குத் தினமும் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த மூன்று பெரிய ஆய்வுகள் 2018-இல் வெளிவந்தன. பலன் சொற்பமாகவோ இல்லாமலோ இருக்க, இரத்தக்கசிவு மூன்றிலும் கூடியிருந்தது. இரத்த அழுத்தம், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, வாழ்நாளில் ஒரு முறையாவது லைப்போபுரோட்டீன் ஏ என்ற பரம்பரைக் கொழுப்புத் துகள் ஆகியவற்றைப் பார்க்காமல் எம்பிவியைப் பார்த்துக் கலங்குவது எனக்கு விளங்கவில்லை. நெஞ்சு வலிக்கும்போதும் மருத்துவர் ஈசிஜியும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும்தான் கேட்பார்.

எம்பிவி வரியின் அருகே இதய ஆபத்து என்று விளக்கம் அச்சிடும் ஆய்வகங்கள், இரத்தம் எடுத்த நேரத்தையும் அதைக் கருவியில் ஏற்றிய நேரத்தையும் அதே வரியில் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கோருகிறேன்.