கிளைடரில் முதல் முறை ஏறப்போகிறீர்களா? பயணியாக ஏறாதீர்கள்

கிளைடர் பறக்க ஆசைப்படும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றிக் காட்டி இறக்கிவிடும் சவாரிக்குப் பணம் கட்டாதீர்கள். பயிற்சியாளர் பின்னால் உட்கார, நீங்கள் முன்னால் உட்கார்ந்து ஸ்டிக்கை, அதாவது கிளைடரைச் செலுத்தும் கைப்பிடியைப் பிடிக்கும் ஒரு பாடத்துக்குக் கட்டுங்கள். சவாரியில் கிடைப்பது காட்சி மட்டும்தான். காற்று தூக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதற்குள்ளேயே நிற்பதுதான் இந்தக் கலையின் ருசி. அது கைக்கும் காலுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

"எஞ்சின் இல்லையே, விழுந்துவிடாதா?" என்று கேட்பவர்களுக்கு: கிளைடர் எந்த நேரமும் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, மேட்டிலிருந்து மிதிக்காமல் சைக்கிளில் இறங்குவதைப் போல. உயரம்தான் அதற்கு எரிபொருள். உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படும் ஏஎஸ்கே 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் முதலில் பறந்த, 17 மீட்டர் இறக்கை கொண்ட இரட்டை இருக்கை கிளைடர் அது. அசைவில்லாத காற்றில் 1 மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 34 மீட்டர் முன்னே போகும். 1000 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏட்டுக் கணக்கில் 34 கிலோமீட்டர். எதிர்க்காற்றும் கீழிறங்கும் காற்றும் அதை எளிதில் பாதியாக்கிவிடும். அதனால் அனுபவசாலிகள் முழுக் கணக்கை நம்பிக் கிளம்புவதில்லை. சுற்றியுள்ள காற்று நொடிக்கு 2 மீட்டர் மேலே ஏறினால், நொடிக்கு 1 மீட்டர் இறங்கும் கிளைடர் நிகரமாக 1 மீட்டர் ஏறும். மணிக்கணக்கில் பறப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

பதிவு செய்வதற்கு முன் எப்படி மேலே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். விஞ்ச் என்றால் ஓடுதளத்தின் மறுமுனையில் உள்ள இயந்திரம் கயிற்றைச் சுருட்டி இழுக்கும். சில நொடிகளில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கும், மூக்கு 40 பாகைக்கு மேல் நிமிரும், முக்கால் நிமிடத்துக்குள் ஏற்றம் முடிந்துவிடும். 350 மீட்டர் உயரம் கிடைத்தது என்று வையுங்கள். இறங்குவதற்கான சுற்றை 200 மீட்டர் வாக்கில் தொடங்கியாக வேண்டும். மிச்சம் 150 மீட்டர். நொடிக்கு 1 மீட்டர் இறக்கம் என்றால் இரண்டரை நிமிடம். அதற்குள் என்ன கற்றுக்கொள்ள முடியும்? இன்னொரு வழி, எஞ்சின் உள்ள இழுவை விமானம் கயிற்றால் இழுத்துப் போவது. அது 900 மீட்டரில் விட்டால் அதே கணக்கில் சுமார் 12 நிமிடம் வரும். என் கருத்தில் முதல் நாளுக்கு ஒரு உயரமான விமான இழுவை வேண்டும், அல்லது அடுத்தடுத்து மூன்று விஞ்ச் ஏற்றங்கள் வேண்டும். ஒரே ஒரு விஞ்ச் ஏற்றத்தை வைத்து 'இது எனக்கு ஒத்துவரும், வராது' என்று முடிவெடுப்பது உங்களுக்கே அநியாயம்.

நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நடுப்பகலில் தெர்மல், அதாவது வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று, வலுவாக இருக்கும், கூடவே குலுக்கலும் இருக்கும். ஸ்டிக்கை அசைத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வந்தவருக்கு, அசைந்தது தன் கையாலா காற்றாலா என்றே பிரிக்கத் தெரியாது. முதல் பாடத்துக்குக் காலை, அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. நடுப்பகல் அடுத்த முறைக்கு.

எடையை மறைக்காமல் சொல்லுங்கள். கூச்சப்படும் விஷயமே இல்லை இது. முன் இருக்கைக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் காக்பிட்டில் எழுதி ஒட்டியிருக்கும். 70 முதல் 110 கிலோ வரை என்பது வழக்கமான வரம்பு, பாராசூட்டும் அதில் சேர்த்தி. குறைந்த எடைக்காரர் ஈயக்கட்டி இல்லாமல் உட்கார்ந்தால் எடை மையம் பின்னால் நகரும். மூக்கு தானாக நிமிரப் பார்க்கும், ஸ்டாலிலிருந்து (மூக்கு அதிகம் நிமிர்ந்து இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) மீள்வது கடினமாகும். எட்டவில்லை என்று மெத்தென்ற தலையணையை முதுகுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. விஞ்ச் இழுக்கும்போது அது அமுங்கி உடம்பு பின்னே சரியும், கை ஸ்டிக்கை விட்டு விலகும். அதற்கென்று உள்ள கெட்டியான மெத்தையைக் கேட்டு வாங்குங்கள்.

விளிம்பில்லாத தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர். வெறும் வயிறும் வேண்டாம், முட்டச் சாப்பிட்ட வயிறும் வேண்டாம். சட்டைப்பையில் நாணயம், பேனா, போன் எதுவும் இருக்கக் கூடாது. காக்பிட்டின் தரையில் உருண்ட ஒரு பேனா ஸ்டிக்கின் அடியில் சிக்கினால் அதன் அசைவு நின்றுபோகும்.

உள்ளே உட்கார்ந்ததும் நிறங்களைப் படித்துக்கொள்ளுங்கள். மஞ்சள், இழுவைக் கயிற்றை விடுவிக்கும். நீலம், ஏர்பிரேக்: இறக்கையில் தகடுகளை எழுப்பி இறக்கத்தைக் கூட்டும். பச்சை, டிரிம்: ஸ்டிக்கை ஓயாமல் அழுத்தாமலேயே வேகத்தை நிலைக்க வைக்கும். வெள்ளை, கேனபியை, அதாவது தலைக்கு மேலுள்ள தெளிவான மூடியைத் திறக்கும். சிவப்பு, ஆபத்தில் கேனபியைக் கழற்றி எறியும். இடுப்புப் பட்டையை முதலில், எலும்போடு ஒட்டி, கீழே இறுக்குங்கள். பிறகுதான் தோள் பட்டை. பயிற்சியாளர் சோதனை வரிசையை வாய்விட்டுச் சொல்லும்போது இரண்டு இடங்களில் காதைத் தீட்டிக் கேளுங்கள். கேனபி பூட்டியாயிற்றா? ஏர்பிரேக் மூடிப் பூட்டியாயிற்றா? நீல நெம்பு முன்னால் இருப்பது மட்டும் போதாது, அழுத்தும்போது 'டக்' என்று பூட்டு விழ வேண்டும். பூட்டாத ஏர்பிரேக்கை இழுவையின் போது காற்றே உறிஞ்சித் திறந்துவிடும். கிளைடர் ஏன் ஏறவில்லை என்று புரியாமலேயே விபத்து வரை போனவர்கள் உண்டு.

அந்த வரிசையின் கடைசி வரி, "கயிறு அறுந்தால்?" என்பது. நல்ல பயிற்சியாளர் இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவே, அளவுக்கு மீறி இழுத்தால் தானே முறியும்படி செய்த ஒரு பலவீன இணைப்பு இருக்கிறது. ஆகவே அறுவது எதிர்பார்த்த ஒன்று. விஞ்ச்சில் அறுந்தால் முதல் வேலை ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்துவது. மூக்கு தாழ்ந்ததும் வேகம் வந்துவிட்டதாக நினைப்பதுதான் தவறு. வேகமானியில் இறங்குவதற்கான வேகம் தெரியும் வரை திரும்பவும் கூடாது, ஏர்பிரேக்கைத் தொடவும் கூடாது. உயரம் குறைவு என்றால் நேராக இறங்கலாம், போதுமான அளவு இருந்தால் சிறு சுற்று. விமான இழுவையில் வேறு ஆபத்து. கிளைடர் அளவுக்கு மீறி உயரே போனால், கயிறு இழுவை விமானத்தின் வாலைத் தூக்கி, அதன் மூக்கைத் தரையை நோக்கித் தள்ளும். முன்னால் போகும் விமானம் கண்ணிலிருந்து மறைந்தால் அந்த நொடியே மஞ்சள். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாத ஒரே இடம் இது.

கயிறு விட்ட பிறகு ஒரு அமைதி வரும், காற்றின் சீறல் மட்டும் கேட்கும். அந்தச் சத்தமே ஒரு வேகமானி. கூடினால் மூக்கு தாழ்ந்திருக்கிறது, அடங்கினால் மூக்கு நிமிர்ந்திருக்கிறது. இப்போது ஸ்டிக் உங்கள் கைக்கு வரும். கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும். இறுக்கிப் பிடித்தால் கைக்குச் சேதி வராது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, வேகமானியின் முள்ளைத் துரத்துவது. கிளைடர் மூக்கை மாற்றியபின் வேகம் மாறச் சில நொடிகள் ஆகும். முள் அசையவில்லையே என்று இன்னும் தள்ளினால் அது தாண்டிப் போகும், பிறகு இழுப்பீர்கள், அது இந்தப் பக்கம் தாண்டும். கேனபியின் கீழ் விளிம்புக்கும் தொடுவானத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதை நிலையாக வைத்தால் வேகம் தானே நிலைக்கும்.

அடுத்தது கால், அதாவது வாலில் உள்ள சுக்கானை அசைக்கும் பெடல்கள். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால், வலது இறக்கையின் அய்லெரான் (பின் விளிம்பில் அசையும் மடல்) கீழே இறங்கி, அங்கே காற்று பின்னே இழுக்கும் விசை கூடும். நீங்கள் இடப்பக்கம் திரும்ப நினைக்க, மூக்கோ முதலில் வலப்பக்கம் ஓடும். இறக்கை நீளமாக இருப்பதால் கிளைடரில் இது சின்ன விமானங்களைவிடத் தெளிவாகத் தெரியும். கையும் காலும் ஒன்றாகப் போனால் இது நடக்காது. இதைக் காட்டிக்கொடுப்பது கேனபியில் ஒட்டிய ஒரு சாண் கம்பளி நூல். அதன் வால் வலப்பக்கம் ஒதுங்கினால் இடது பெடலை மிதியுங்கள். கருவிப்பலகையில் உள்ள எதைவிடவும் நேர்மையான கருவி இந்த நூல்தான் என்பேன்.

ஸ்டால் காட்டச் சொல்லிக் கேளுங்கள், உயரம் இருந்தால் காட்டுவார்கள். மூக்கு மெல்ல நிமிர, சத்தம் அடங்க, ஸ்டிக் தளர, உடம்பு அதிர, பிறகு மூக்கு விழும். விழும் மூக்கைத் தூக்க ஸ்டிக்கைப் பின்னே இழுக்கத்தான் கை போகும். செய்ய வேண்டியது நேர் எதிர். சிறிது முன்னே விட்டால் இறக்கை மறுபடி பறக்கத் தொடங்கும். சாகச வளையம் கேட்பவர்கள் நிறைய. முதல் நாளில் அதைவிட ஒரு ஸ்டால் ஆயிரம் மடங்கு பயன்.

தெர்மல் கிடைத்தால் அதிர்ஷ்டம். முதலில் சொல்வது இருக்கை, அடியிலிருந்து யாரோ தள்ளுவது போல. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒலிக்கும். எந்த இறக்கை தூக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள், கை தன்னியல்பாக மறுபக்கம்தான் ஓடும். ஒரு வட்டத்துக்குச் சுமார் 20 நொடி. மேகத்தின் அடி தட்டையாகவும் கறுத்தும் இருந்தால் கீழே ஏற்றம் உண்டு, ஓரங்கள் கிழிந்து நூல் பிரிந்தால் அது செத்துக்கொண்டிருக்கும் மேகம். பருந்து வட்டமிட்டால் தயங்காமல் அங்கே போகலாம். ஏற்கெனவே இன்னொரு கிளைடர் சுற்றிக்கொண்டிருந்தால் அது சுற்றும் திசையில்தான் நாமும் சுற்ற வேண்டும், இதற்கு விலக்கே கிடையாது. தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். காற்றுத் துளையைத் திறந்து, தொலைதூரத்தைப் பார்த்து, நேராகப் பறந்தாலே பெரும்பாலும் தணியும்.

இறங்கும்போது சும்மா பாருங்கள். வேகம் தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கேளுங்கள்: ஏஎஸ்கே 21-ல் சுமார் 90 கிலோமீட்டர், கூடவே எதிர்க்காற்றின் வேகத்தில் பாதி. 20 கிலோமீட்டர் காற்று என்றால் 100. உயரம் கூடினால் ஏர்பிரேக்கை நிறையத் திறப்பது, குறைந்தால் மூடுவது. ஏர்பிரேக் போதாதபோது கிளைடரைச் சாய்த்து மூக்கை மறுபக்கம் தள்ளி, பக்கவாட்டில் சறுக்கியும் உயரத்தைக் கரைக்கலாம். 1983 ஜூலை 23-ல் எரிபொருள் தீர்ந்த ஏர் கனடா போயிங் 767-ஐ கனடாவின் கிம்லியில் இறக்கிய கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டியவர், அவர் செய்ததும் இந்தச் சறுக்கல்தான். மைதானத்தை நோக்கிய கடைசித் திருப்பத்தில் மட்டும் காலால் மூக்கைத் தள்ளித் திருப்பவே கூடாது. தாழ்வான உயரத்தில் மெதுவாக, காலை மிகையாக மிதித்துத் திரும்புவதுதான் சுழன்று விழுவதற்கான நேர்வழி.

இறங்கியவுடன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசி தரையில்தான் நடக்கிறது. தனியாகப் பறக்க 50 முதல் 80 ஏற்றங்கள் ஆவது சாதாரணம், அதற்கு ஈடாக நூற்றுக்கணக்கான தடவை மற்றவர்களை ஏற்றிவிட வேண்டியிருக்கும். அதில் சலிப்பு வருமா என்று முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. கிளைடரைத் தள்ள இறக்கையின் முன் விளிம்பில், உடலுக்கு அருகில் கை வையுங்கள். பின் விளிம்பிலோ கேனபிச் சட்டத்திலோ கை வைக்கக் கூடாது. கேனபியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள்: காற்று அறைந்து உடைக்கும், வெயிலில் அந்த வளைவே பூதக்கண்ணாடியாகி இருக்கைத் துணியைக் கருக்கும். இறக்கை நுனியைப் பிடித்து ஓடச் சொன்னால், அதை இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சமமாகப் பிடித்துக் கூடவே ஓடி, கை எட்டாதபோது விட்டுவிடுங்கள். ஓடத் தொடங்கும் முன் மேலேயும் பின்னாலும் ஒரு தடவை பாருங்கள், இறங்க வரும் கிளைடருக்குச் சத்தம் கிடையாது.