கிளியை வரைந்தவர்மீது ஏன் இத்தனை கோபம்?

இந்த வாரம் முழுவதும் எங்கே திரும்பினாலும் அந்த அழுகிற கிளிதான் கண்ணில் படுகிறது. ஒரு கல்விச் செயலி, பயிற்சிக்கு வராத பிள்ளைக்கு இரவில் அனுப்பும் அறிவிப்பில் வரும் கிளி அது. அந்தப் படத்தைப் போட்டு ஓர் ஆசிரியர் எழுதிய பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் மறுபடியும் பகிரப் போவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, ஸ்ட்ரீக் (ஒரு நாளும் விடாமல் பயிற்சி செய்த நாட்களின் எண்ணிக்கை) அறுந்துவிடும் என்று அழுதுகொண்டே கணக்குப் போட்டான் என அந்த ஆசிரியர் எழுதியதில் எதையும் நான் மறுக்கவில்லை. அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் கடைசி வரியில் "ஏசி அறையில் உட்கார்ந்து பிள்ளைகளை அழ வைக்கும் டிசைனர்கள்" என்று முடித்தாரே, அதற்குக் கீழே அத்தனை பேர் வந்து "சரியாகச் சொன்னீர்கள் சார்" என்றார்களே, அங்கேதான் எனக்கு வலித்தது. அப்படிச் சொன்னவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். நானும் கல்விச் செயலியில் டிசைனர்தான் என்று நன்றாகவே தெரிந்தவர்கள்.

கிளியை வரைந்தவர் வேறு. அந்தக் கிளி இரவு பத்து மணிக்கு வர வேண்டும், அழுதுகொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறு. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

கல்விச் செயலியில் ப்ராடக்ட் டிசைனர் என்றால் வண்ணம் தீட்டுகிறவர் என்று என் சொந்தக்காரர்களே நினைக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா "படம் வரையவா இவ்வளவு சம்பளம் தருகிறார்கள்?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பிள்ளை தவறான விடையைத் தொட்டதும் திரையில் என்ன நடக்க வேண்டும்? உடனே சரியான விடையைக் காட்டிவிடலாமா, ஒரு குறிப்பைத் தந்து இன்னொரு முறை முயல விடலாமா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைக்கு எது சரி, எது தவறு என்று எப்படித் தெரியும்? கண்ணாடியில் கீறல் விழுந்த பழைய போனில் பின்ன எண்ணின் கீழ்ப்பகுதி படிக்கக் கிடைக்குமா? பாதிப் பயிற்சியில் இணையம் நின்றுபோனால் அதுவரை போட்ட கணக்குகள் எங்கே போகும்? நாள் முழுவதும் எங்கள் தலைக்குள் ஓடுவது இந்தக் கேள்விகள்தான். கிளிக்கு இதில் ஒரு மூலைதான் இடம்.

அந்த அழுகிற கிளி எப்படிப் பிறக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. நிறுவனம் மாதா மாதம் பார்ப்பது ஒரு கணக்கை: இன்று செயலியைத் திறந்தவர்களில் எத்தனை பேர் நாளை வந்தார்கள், ஏழாம் நாள் வந்தார்கள், முப்பதாம் நாள் வந்தார்கள். முதலீட்டாளரிடம் காட்டுவதும் அதைத்தான். அந்த எண்ணை உயர்த்த ஏ/பி சோதனை வைப்பார்கள். பயனர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சிரிக்கும் கிளி, மறு பாதிக்கு அழும் கிளி. எந்தப் பாதியில் அதிகம் பேர் திரும்பி வருகிறார்களோ அந்தக் கிளி வெல்லும். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அதுதான். பிள்ளை எதற்காகத் திரும்பி வந்தது, ஆசையாலா பயத்தாலா என்று எழுத அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. "இது சரியில்லை" என்று டிசைனர் சொன்னால், "தரவு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பிள்ளையின் பயத்துக்குத் தரவு எங்கிருந்து கொண்டுவருவது?

நான் கொண்டுபோயிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்குச் செயலியைச் சோதித்துப் பார்க்கப் போயிருந்தோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பின்னங்களில் கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய ஸ்ட்ரீக் மட்டும் ஏறவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "போன் அப்பாகிட்ட இருக்கு அக்கா, அவர் லோடு ஏத்திக்கிட்டுப் போனா ரெண்டு நாள் வரமாட்டார்" என்றாள். லாரி ஓட்டுநரின் மகள். அவளைப் பார்த்துத்தான் எங்கள் செயலி "என்னை மறந்துவிட்டாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எதையும் மறக்கவில்லை. எந்தப் பாடத்தில் எந்தக் கணக்கில் விட்டாள் என்று வரிசை மாறாமல் என்னிடம் சொன்னாள்.

இது ஒரே ஒரு பெண்ணின் கதை என்று சொல்பவர்கள் கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் (ASER) 2024 அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனால் அதை இயக்கத் தெரிந்த 14 வயதுப் பிள்ளைகளில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் சுமார் 27 விழுக்காட்டினர்தான். மற்றவர்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ காத்திருக்கிறார்கள். பத்து, பதினொரு வயதில் நிலைமை என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "தொடர்ந்து தினமும்" என்ற விதி யாருடைய வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது?

திரும்பி வந்து, தொடர் நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு வாரத்துக்கு இத்தனை பயிற்சி என்று மாற்றலாம் என எழுதிக் கொடுத்தேன். திரை வாரியாக வரைந்தும் காட்டினேன். வாரக் கணக்கு அன்றாடப் பயனர்களைக் கூட்டாது என்று தள்ளிவைத்தார்கள். அதற்குப் பதிலாக, அறுந்த ஸ்ட்ரீக்கை நாணயம் கொடுத்து மீட்டுக்கொள்ளும் வசதி வந்தது. அந்த நாணயத்தைச் சேர்க்கவும் தினமும் வர வேண்டும். லாரி ஓட்டுநரின் மகளிடம் நாணயம் எப்படிச் சேரும்?

"மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ செயலியின் ஆந்தையும் இதைத்தானே செய்கிறது?" என்று கேட்பீர்கள். தானாக விரும்பிப் பிரெஞ்சு கற்கும் வளர்ந்த ஆளையும், பள்ளியும் பெற்றோரும் தள்ளிவிட்டதால் செயலிக்குள் வந்த பத்து வயதுப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பெரியவருக்கு அறிவிப்பை அணைக்கத் தெரியும். பிள்ளை அந்தக் கிளி நிஜமாகவே அழுகிறது என்று நம்பும்.

"சட்டம் எதையும் தடுக்கவில்லையே?" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஐயா, பிரிட்டனில் 2020 முதல் சிறுவர்களுக்கான இணைய வடிவமைப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் 15 விதிகளில் ஒன்று, பிள்ளைகளைத் தூண்டி இழுக்கும் உத்திகளைப் பற்றியது. நம் நாட்டில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பயனரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கி நினைத்ததைச் சாதிப்பது அதில் ஒன்று, ஓயாமல் நச்சரிப்பது இன்னொன்று. அது பெரும்பாலும் வாங்கல், விற்றல் பற்றியது என்று வாதாடலாம். வாதாடட்டும். அழும் கிளியின் கடைசிப் பொத்தான் எந்தச் சந்தாப் பக்கத்துக்குப் போகிறது என்று அழுத்திப் பார்த்துவிட்டு வாதாடட்டும்.

"மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட வேண்டியதுதானே?" இதைக் கேட்டவர்கள்தான் அதிகம். மாநகராட்சி ஒப்பந்தத்தில் போட்ட சாலையில் பள்ளம் விழுந்தால், தார் ஊற்றிய தொழிலாளியிடம் போய் ஏன் ராஜினாமா செய்யவில்லை என்று யாராவது கேட்கிறோமா? எனக்கும் வாடகை இருக்கிறது, அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, நான் எழுந்து போய்விட்டால் அந்தக் கூட்டத்தில் "இந்தப் பிள்ளையிடம் சொந்தப் போன் கிடையாது" என்று சொல்ல ஆளே இருக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு நியாயம் பேசுகிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சம்பளம் வாங்கினால் நியாயம் பேசக் கூடாது என்றால் ஆசிரியர்களும் பேசக் கூடாது, மருத்துவர்களும் பேசக் கூடாது. இதற்கு மேல் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எல்லோரும் பகிர்ந்த அதே படத்தில், கிளிக்கு நேர் கீழே பாருங்கள். கணக்கு வினா பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளோடு நிற்கிறது. அந்தப் பையனால் வினாவையே முழுதாகப் படிக்க முடியாது. அத்தனை பேர் பகிர்ந்தீர்களே, ஒருவர் கண்ணிலாவது அது பட்டதா?

ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கும் வினா தமிழில் இரண்டு வரிக்குப் போகும். பொத்தானும் நீளும். திரை முழுவதையும் ஆங்கிலத்தில் வடிவமைத்து முடித்துவிட்டு, வெளியிடுவதற்கு முந்தைய வாரம் "தமிழைப் போட்டுவிடுங்கள்" என்று சொன்னால் இப்படித்தான் வெட்டுப்படும். வரிகளுக்கு நடுவே இடம் போதாவிட்டால் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மறைந்துபோகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் பிள்ளைக்குப் புள்ளி போனால் எழுத்தே வேறு. தமிழ்த் திரையை முதலில் வரைவோம், அதில் அடங்கினால் ஆங்கிலத்தில் தானாக அடங்கும் என்று நான் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். தமிழ்வழிப் பிள்ளைகள் சந்தா கட்ட மாட்டார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். இதைக் கேட்டுவிட்டு வந்து இரவு தூங்காமல் கிடந்தவளைத்தான் நீங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து அழ வைப்பவள் என்கிறீர்கள்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் 2018 முதல் க்யூஆர் குறிகள் இருக்கின்றன. 2023இல் அரசின் மணற்கேணி கல்விச் செயலியும் வந்தது. அவற்றில் குறைகள் இருக்கலாம், ஆனால் இந்த ஊர்ப் பிள்ளையை நினைத்துத் தொடங்கியவை அவை. தனியார் செயலிகளிடமும் அதை எதிர்பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காசு கொடுப்பவர்கள் நீங்கள். ஆனால் விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்கு வந்தால் "ரேங்க் வருமா?" என்பதைத் தவிர வேறு ஏதாவது கேட்டிருக்கிறீர்களா? இரவில் அறிவிப்பு வருமா, தினமும் வராவிட்டால் என்ன ஆகும், தமிழில் வினா முழுதாகத் தெரியுமா என்று ஒரு பெற்றோர் கேட்டாலும் அது எழுத்தில் பதிவாகி எங்கள் கூட்டத்துக்கு வரும். நாங்கள் அதைக் காட்டிச் சண்டை போடுவோம். அவர்கள் கேட்கும் தரவு அதுதான்.

இன்றிரவே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செயலியின் படத்தை அழுத்திப் பிடித்தால் அதன் தகவல் பக்கம் வரும். அங்கே அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பாடங்கள் அப்படியே இருக்கும். பிறகு அந்தத் திரையைப் படமெடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் செயலியின் பெயரையும் அறிவிப்பு வந்த நேரத்தையும் எழுதுங்கள். டிசைனரை எழுதாதீர்கள்.