மலையில்லா வன்னியில் மலை வரையும் பிள்ளைகள்

வன்னியில் எந்தப் பள்ளிக்கூடத்துச் சித்திரப் போட்டியிலும் அதே படம்தான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை அப்படியொரு மலை கிடையாது. கண்ணால் காணாத மலையை வரையும் பிள்ளை, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் குளக்கட்டை வரைவதில்லை. நெடுநாளாக இருக்கும் இந்த ஆதங்கம், எட்வர்ட் லியர் என்ற நீர்வர்ண ஓவியரைப் பற்றிப் படித்த பிறகு இன்னும் கூடிவிட்டது.

1812இல் லண்டனில் பிறந்தவர். வீட்டில் 21 பிள்ளைகள், இவர் 20ஆவது. வளர்த்தது மூத்த அக்கா. சின்ன வயதிலேயே வலிப்பு, ஆஸ்துமா, பார்வையும் மோசம். பதின்ம வயதிலேயே படம் விற்றுத்தான் சாப்பாடு. லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து இருபது வயதுக்குள் பெயர் வாங்கினார். பிறகு நிலக்காட்சிக்கு மாறி 1837இல் ரோமுக்குப் போனார். அதன்பின் கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் என்று ஓயாத பயணம். 1846இல் விக்டோரியா மகாராணிக்கே சித்திரம் பழக்கினார். 61 வயதில் இந்தியாவுக்கு வந்து இமயத்தையும் மாமல்லபுரத்தையும் தஞ்சாவூரையும் வரைந்தார். 1874இன் கடைசியில் இலங்கைக்கும் வந்தார். கூட வந்த உதவியாளர் ஜோர்ஜியோ இங்கேதான் வயிற்றுளைவில் சாகக் கிடந்து பிழைத்தார்.

என்னைப் பிடித்தது அவர் வேலை செய்த விதம். இடத்தில் இருந்தே பென்சிலால் வேகமாகக் கோடு போடுவார். நாளையும் நேரத்தையும் குறிப்பார். எந்த இடம் என்ன நிறம், எது பாறை, எது நிழல் என்று படத்துக்குள்ளேயே எழுதிவிடுவார். பிறகு ஆறுதலாக இருந்து அந்தக் கோடுகளை மையால் எழுதி, மெல்லிய வர்ணம் பூசுவார். இப்படி ஆயிரக்கணக்கான படங்கள்.

எங்கள் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆடி, ஆவணிச் சோளகக் காற்றில் இரணைமடுக் குளக்கட்டில் இருந்து நீர்வர்ணம் பூசிப் பாருங்கள்; வானத்தை முடிக்கமுதல் தொடங்கிய ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். மாரியில் தாள் காயவே காயாது. பிள்ளைக்கு ஒரு பென்சிலும் கொப்பியும் போதும். மருதமரத்து நிழல் எந்த நிறம், வத்திய குளத்துச் சேறு எந்த நிறம் என்று எழுதிக்கொண்டு வரட்டும். வர்ணத்தை வகுப்பில் பூசலாம். வெள்ளை வர்ணமும் தேவையில்லை, தண்ணீரில் வெயில் மினுங்கும் இடத்தில் தாளை அப்படியே விட்டால் சரி.

போனில் படம் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் போர்க்காலச் செல்லடியில் தலை போன பனையை அரைமணி நேரம் பார்த்து வரையும் பிள்ளை, வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் கேட்கும், அந்தப் பனைக்கு என்ன நடந்தது என்று. இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த சனம் நாங்கள். 2009க்கு முந்தைய தங்கள் வளவைக் காட்ட ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் எத்தனையோ. இன்றைய வன்னியும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது: காடு வெட்டுப்படுகிறது, வயல்கள் வீடாகின்றன.

போட்டி நடத்தும் அதிபர்மார், சனசமூக நிலையங்கள், வெளிநாட்டில் இருந்து பரிசுக்குக் காசு அனுப்பும் உறவுகள், உங்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த முறை ‘இயற்கைக் காட்சி’ என்று தலைப்பு வைக்காதீர்கள். ‘எங்கள் குளம்’ என்று வையுங்கள், பிள்ளைகளைக் குளக்கட்டில் இருத்தி வரைய விடுங்கள். நேரில் பார்த்து வரைந்த படத்துக்கே முதல் பரிசு கொடுங்கள், கோடு கோணலாக இருந்தாலும்.